படிப்பு, ஸ்பான்சர், புள்ளிகள், குடும்பம்: வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்க எந்த வழி யாருக்கு?

“எந்த நாட்டுக்கு விசா சுலபமாகக் கிடைக்கும்?” என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஏஜென்ட்களுக்கும் அந்தக் கேள்விதான் பிடிக்கும். பாஸ்போர்ட்டில் விசா விழுந்த அன்றே அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. குடியேற நினைப்பவருக்கோ அன்றுதான் கணக்கு ஆரம்பம். விசா உள்ளே நுழைய, பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அங்கேயே தங்க. இரண்டுக்கும் நடுவே இரண்டு வருடமும் இருக்கலாம், பத்து வருடமும் இருக்கலாம். சில விசாக்களிலிருந்து பி.ஆருக்குப் பாதையே கிடையாது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம்: பி.ஆர். கிடைக்கும்வரை என் இருப்பு யார் கையில் இருக்கும்? கல்லூரி, முதலாளி, அரசு, வாழ்க்கைத்துணை என்று வழிக்கு வழி பதில் மாறும். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் விதிகளை வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். தொகைகளும் வரம்புகளும் பெரும்பாலும் 2025ஆம் ஆண்டு நிலவரம். விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நாள் கணக்கு. அங்கே கழியும் ஒவ்வொரு வருடமும் பி.ஆருக்கான காலத்தில் சேருமா? ஐந்து வருடம் இருந்துவிட்டு, அதில் மூன்று கணக்கில் வராது என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

பிடி. ஒரு கடிதத்தால், ஒரு வேலைநீக்கத்தால், ஒரு மணமுறிவால் இந்த வழி முறியுமா?

வயது. இன்றைய வயதைப் பார்த்துப் பயனில்லை. பி.ஆருக்கு விண்ணப்பிக்கும் நாளில் என்ன வயது இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு சேர்த்த செலவு. விளம்பரத்தில் வரும் விசாக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்கு. துணைக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, பிள்ளைகள் எந்த வயதுவரை ‘டிபெண்டன்ட்’ என்பதும் செலவுக் கணக்கில் சேர்த்தி.

தோற்றால் மிஞ்சுவது. பி.ஆர். கிடைக்காமல் திரும்ப நேர்ந்தால் கையில் பட்டமா, அனுபவமா, சேமிப்பா, கடனா?

## மாணவர் விசா வழி

கதவு பெரியது, உள்ளே போவோரும் அதிகம். படிப்பு, பிறகு வேலை தேடும் விசா, பிறகு வேலை, பிறகு பி.ஆர். என்று நான்கு படி. ஒவ்வொரு படியிலும் வடிகட்டல் இருக்கிறது. சேர்க்கைக் கடிதம் முதல் படிக்கு மட்டும்தான் உத்தரவாதம்.

நாள் கணக்கில் இந்த வழி பலவீனமானது. பிரிட்டனில் மாணவராகக் கழியும் ஆண்டுகள் வேலை விசாவின் ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. கனடாவில் முழுநேரம் படித்துக்கொண்டே பார்க்கும் வேலை, கனடிய அனுபவப் பிரிவுக்கான (அங்கே வேலை செய்தவர்களுக்கான பி.ஆர். பிரிவு) பணி அனுபவமாக எடுத்துக்கொள்ளப்படாது. ஜெர்மனி இதில் தாராளம்: அங்கே பட்டம் பெற்றவருக்கு வேலை தேட 18 மாதம் கொடுக்கிறது; தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்து மற்ற நிபந்தனைகளையும் முடித்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம்.

விதிகள் அதிகம் ஆடுவதும் இந்த வழியில்தான். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. அதே ஆண்டு மே 15 முதல், அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு ஏற்பாட்டில் சேருவோருக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி இல்லை என்றது. நவம்பர் 1 முதல் டிப்ளமா போன்ற பட்டமல்லாத படிப்புகளுக்கு, பட்டியலில் உள்ள துறையாக இருந்தால்தான் அந்த அனுமதி. இந்த வேலை அனுமதி வாழ்நாளில் ஒரே முறைதான். எட்டு மாதச் சான்றிதழ் படிப்பில் அதைச் செலவழித்துவிட்டால், பிறகு முதுகலை படித்தாலும் இரண்டாவது கிடைக்காது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில், படிப்புக்குப் பின் வேலை செய்யத் தரும் பட்டதாரி விசாவுக்கான வயது வரம்பைப் பெரும்பாலோருக்கு 35 ஆகக் குறைத்தது. 34 வயதில் இரண்டு வருடப் படிப்புக்குச் சேருபவருக்கு இதன் பொருள் என்ன என்று சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருக்காது.

செலவுக்கு வருவோம். கனடாவில் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை பல ஆண்டுகள் 10,000 டாலராக இருந்து 2024இல் 20,635 டாலருக்குப் போனது. 2025 செப்டம்பரில் 22,895. ஆஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுக்கப்பட்டால் திரும்ப வராது. ஜெர்மனியில் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிந்த வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். ஆனால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்காக, பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள்.

“பகுதிநேர வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம்” என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் கனடாவில் வாரத்துக்கு 24 மணி நேரமும், பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமும்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். வரம்பைத் தாண்டி வேலை செய்து மாட்டினால் பி.ஆர். விண்ணப்பம்வரை அந்தக் கறை கூடவே வரும்.

திருமணமானவர்கள் கவனிக்க: 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் ஆய்வுப் படிப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர மாணவர்கள் துணையையோ பிள்ளைகளையோ அழைத்துப்போக முடியாது.

அமெரிக்கா தனிக் கதை. மாணவர் விசா நேர்காணலில் படித்து முடித்துத் திரும்புவேன் என்று அதிகாரி நம்ப வேண்டும். குடியேறும் எண்ணம் தெரிந்தால் விசா மறுக்கப்படும். படித்தபின் 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பானால் கூடுதலாக 24 மாதம் வேலை செய்யலாம். அதற்குப் பிறகு முதலாளி வழியாகக் கிடைக்கும் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல்தான்.

இந்த வழி சரியாக வருவது 20களில் இருப்பவருக்கு, வேலைவாய்ப்புள்ள துறையில், தரமான பட்டத்துக்கு. ஒரு சின்னச் சோதனை: பி.ஆரே கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும் இந்தப் படிப்புக்கு இவ்வளவு பணம் கொடுப்பீர்களா? ஆமாம் என்றால் போகலாம். விசாவுக்காகத்தான் படிப்பு என்றால் அது விலை மிகுந்த சீட்டாட்டம்.

## முதலாளி ஸ்பான்சர் செய்யும் வழி

முதல் மாதத்திலிருந்து சம்பளம். பல நாடுகளில் நாள் கணக்கும் முதல் நாளே ஓடத் தொடங்கும். கடன் இல்லாமல் குடியேற வேண்டும் என்றால் இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி. ஆனால் பிடி முழுக்க முதலாளி கையில்.

பிரிட்டனில் வேலை போனாலோ ஸ்பான்சரின் உரிமம் ரத்தானாலோ பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் புதிய ஸ்பான்சர் கிடைக்க வேண்டும். பராமரிப்புத் துறையில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470க்கும் மேற்பட்ட உரிமங்கள் ரத்தாயின. தவறு செய்தது நிறுவனம், வேலையும் விசாவும் போனது தொழிலாளிக்கு. அப்புறம் 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. அதே நாளில் திறன்பணி விசாவின் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டானது, பட்டதாரி நிலைக்குக் கீழுள்ள பெரும்பாலான வேலைகள் விசாவுக்குத் தகுதியான வேலைகளின் பட்டியலிலிருந்து போயின.

ஆஸ்திரேலியா இந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது: 2024 ஜூலை முதல் வேலை போனால் ஒரே தடவையில் 180 நாள்வரை, விசாக் காலம் முழுவதிலும் மொத்தம் 365 நாள்வரை புது ஸ்பான்சர் தேடலாம். இரண்டு வருடம் வேலை செய்தபின் முதலாளி முன்மொழிந்தால் 186ஆம் பிரிவில் பி.ஆர். கேட்கலாம்.

ஜெர்மனியின் நீல அட்டையை (புளூ கார்டு, பட்டதாரிகளுக்கான வேலை விசா) இந்த வழியில் சிறந்தது என்பேன். 2025இல் ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ இருந்தால் போதும், ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கு இன்னும் குறைவு. ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை இருந்தால் 21 மாதத்தில், ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். துணைக்கு உடனே வேலை உரிமை. இங்கே மறைசெலவு மொழிதான்: பி1 வரை படிக்க மாலைகளும் வார இறுதிகளும் போகும். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பதை நம்பித் தள்ளிப்போடுபவர்கள் வாடகை வீடு தேடும்போது மாட்டிக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் எச்-1பிக்கு ஆண்டுக்கு 85,000 இடம், அதற்கும் குலுக்கல். 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கப்படுபவருக்கு முதலாளி 1,00,000 டாலர் கட்ட வேண்டும். அதைத் தாண்டி கிரீன் கார்டுக்குப் போனால், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதம்தான் என்ற வரம்பு. அதனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வேலைவாய்ப்புப் பிரிவு வரிசை பத்தாண்டைத் தாண்டி நிற்கிறது. அந்தக் காலம் முழுவதும் விசாவை நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைக்கு 21 வயது முடிந்தால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. நல்ல சம்பளம் வாங்கும் குடும்பம்கூட இந்த ஒரு காரணத்துக்காகக் கனடா பக்கம் பார்க்கிறது.

செலவில் பெரிய அதிர்ச்சி பிரிட்டன். மருத்துவச் சேவைக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், பிள்ளைக்கு 776. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 18,110 பவுண்ட். அதுவும் விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே. சில நிறுவனங்கள் விண்ணப்பிப்பவருக்கு மட்டும் கட்டும், குடும்பத்துக்குக் கட்டாது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, பாதியில் விலகினால் எதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பிரிவையும் படியுங்கள். வெளிநாட்டவரை எடுப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் திறன் கட்டணத்தை உங்களிடம் வசூலிப்பது சட்டப்படி தவறு. ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கென்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

நாள் கணக்கை அரசே நடுவழியில் மாற்றலாம் என்பதும் இந்த வழியின் ஆபத்து. பிரிட்டன் 2006இல் பி.ஆருக்கான நான்கு ஆண்டை ஐந்தாக்கியது. உயர்திறன் திட்டத்தில் ஏற்கெனவே வந்தவர்கள் வழக்குப் போட்டு 2009இல் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2025 மே மாத வெள்ளை அறிக்கை அந்த ஐந்தைப் பத்தாக்க முன்வைத்தது. ஆகவே பிரிட்டனுக்குப் போகும் யாரும் ஐந்து வருடம் என்று நினைத்து வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம்.

## புள்ளிகள் வழி

இங்கே முதலாளியும் இல்லை, கல்லூரியும் இல்லை. தகுதிக்குப் புள்ளி, புள்ளிக்கு அழைப்பு. பெரும்பாலும் விமானம் ஏறும்போதே பி.ஆர்.தான். துணைக்கும் அதே உரிமை. வேலை போனாலும் யாரும் வெளியேறச் சொல்ல முடியாது. தகுதி இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. பிரச்சினை, தகுதி இருப்பதற்கும் அழைப்பு வருவதற்கும் இடையிலுள்ள தூரம்.

புள்ளி வரிசைப்படி பி.ஆருக்கு அழைக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015இல் தொடங்கியது. தரவரிசையில் தனிநபருக்கு 29 வயதுவரை வயதுக்கு 110 புள்ளி. 35இல் 77, 40இல் 50, 45இல் பூஜ்யம். வேலைவாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச் 25இல் நீக்கப்பட்டன. “கடிதம் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும்” என்று இன்னும் யாராவது விற்றால் அது காலாவதியான சரக்கு. மாகாண நியமனம் (ஒரு மாகாண அரசே உங்களைப் பரிந்துரைப்பது) கிடைத்தால் 600 புள்ளி, கிட்டத்தட்ட அழைப்பு உறுதி.

பலர் கோட்டைவிடும் இடம் மொழித் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் பொதுப் பயிற்சித் தேர்வில் கேட்டல் 7.5, மற்ற மூன்றும் 6.5 வாங்கியவர், கேட்டல் 8, மற்றவை 7 என்று அரை பேண்ட் ஏற்றினால் என்ன ஆகும்? முதுகலைப் பட்டமும் மூன்று வருட வெளிநாட்டு அனுபவமும் உள்ள தனிநபருக்கு நேரடியாக 32, படிப்போடும் அனுபவத்தோடும் சேரும் புள்ளிகளில் 25 + 25, ஆக 82 புள்ளி கூடும். பல லட்சம் கொடுத்துக் கனடாவில் இரண்டாவது பட்டம் வாங்கும் முன், தேர்வை மறுபடி எழுதிப் பார்ப்பது எவ்வளவோ மலிவு. பிரெஞ்சு படிக்கப் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது: 2025 மார்ச் 21இல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான அழைப்புச் சுற்றில் 379 புள்ளிக்கே அழைப்பு வந்தது. அந்த ஆண்டு கனடிய அனுபவச் சுற்றுகள் 500க்கு மேல்தான் நின்றன.

ஆஸ்திரேலியாவில் அழைப்பு வரும்போது 45 வயதாகியிருக்கக் கூடாது. குறைந்தபட்சம் 65 புள்ளி என்பது வரிசையில் நிற்கத்தான். போட்டியுள்ள துறைகளில் அதற்கு வெகு மேலே போனால்தான் அழைப்பு. 25 முதல் 32 வயதுவரை 30 புள்ளி, 40க்குப் பிறகு 15. மாநிலம் முன்மொழியும் 190 விசாவுக்கு 5 புள்ளி கூடும், வட்டாரப் பகுதிக்கான 491க்கு 15 கூடும். ஆனால் 491 பி.ஆர். அல்ல. மூன்று வருடம் வட்டாரப் பகுதியில் வாழ்ந்து வேலை செய்து, பி.ஆர். விசாவான 191க்கு மாற வேண்டும். பெரிய நகரத்தில்தான் உங்கள் துறைக்கு வேலை என்றால் அந்த 15 புள்ளியின் விலை அதிகம்.

மறைசெலவுகள்: பட்ட மதிப்பீடு, தொழில் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, மொழித் தேர்வு (முடிவு கனடாவுக்கு இரண்டு வருடம்தான் செல்லும்). பெரிய செலவு வேறு. வேலை இல்லாமல் போய் இறங்குவீர்கள். முதல் ஆறு மாத வாடகையும், உங்கள் பழைய பதவிக்கு இரண்டு படி கீழே வேலை செய்யும் மனமும் வேண்டும். மருத்துவர், செவிலியர், ஆசிரியர், பொறியாளர் போன்றோர் பி.ஆர். இருந்தாலும் தொழில் உரிமம் இல்லாமல் தங்கள் வேலையைப் பார்க்க முடியாமல் போகலாம். உரிமத்துக்கான படிகளை விசாவுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

## வாழ்க்கைத்துணை வழி

வயது வரம்போ புள்ளியோ பெரிய தடையில்லை, துணையின் வருமானம் தடையாகலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியத் துணை விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 9,365 டாலர்.

பிடி இங்கே வீட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் திருமணமாகி இரண்டு வருடத்துக்குள் கிரீன் கார்டு கிடைத்தால் அது இரண்டு வருட நிபந்தனை அட்டை. நிபந்தனையை நீக்கப் பொதுவாக இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். கனடா அத்தகைய நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர் துணையின் ஒத்துழைப்பு இல்லாமலே தங்கும் உரிமை கேட்க அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் தனி வழி இருக்கிறது. வெளிநாட்டு மாப்பிள்ளை அல்லது மணப்பெண் பேச்சு நடக்கும் வீடுகளில் நகைக் கணக்குக்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பான்சர் செய்பவருக்கும் ஒரு செய்தி: கனடாவில் துணைக்கான பொருளாதாரப் பொறுப்பு, பிரிந்துவிட்டாலும் மூன்று வருடம் தொடரும்.

## முதலீடு

சுருக்கமாகவே போதும். கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன: பிரிட்டன் 2022 பிப்ரவரியில், ஆஸ்திரேலியா 2024 ஜூலையில், ஸ்பெயின் 2025 ஏப்ரலில் தங்கள் முதலீட்டு விசாவை நிறுத்தின. போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீடு வாங்கும் வழியை நீக்கியது. அமெரிக்காவின் முதலீட்டு விசாவான இபி-5க்கு வேலைவாய்ப்புக் குறைந்த பகுதிகளில் 8,00,000 டாலரும் 10 வேலைகளும் தேவை. அமீரகத்தின் 10 ஆண்டு கோல்டன் விசா நல்ல தங்கும் உரிமைதான். அதிலிருந்து குடியுரிமைக்கு வழக்கமான பாதை இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | நாள் கணக்கு | பிடி யார் கையில் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| படிப்பு | பெரும்பாலும் வேலை கிடைத்தபின்தான் | கல்லூரி, பிறகு முதலாளி | கல்விக் கடன், மாறும் விதிகள் | 20களில், வேலைவாய்ப்புள்ள துறை |
| ஸ்பான்சர் | பல நாடுகளில் முதல் நாளிலிருந்து | முதலாளி | குடும்பக் கட்டணம், விலகல் நிபந்தனை | கையில் தொழில் உள்ளவர், சேமிப்புக் குறைவு |
| புள்ளிகள் | தேவையில்லை, நேராக பி.ஆர். | அரசு, அழைப்பு வரும்வரை | வேலையில்லா முதல் மாதங்கள் | 35க்குள், பட்டம், நல்ல மொழி மதிப்பெண் |
| துணை | முதல் விசாவிலிருந்து | துணை | கட்டணம், வருமான வரம்பு | உண்மையான உறவு ஏற்கெனவே உள்ளவர் |

## நடைமுறையில் எப்படித் தேர்வது

முதலில் கனடா, ஆஸ்திரேலியா அரசுத் தளங்களில் உங்கள் புள்ளியை நீங்களே போட்டுப் பாருங்கள். இலவசம்தான், ஒரு மாலை போதும். சமீபத்திய சுற்றுகளுக்கு 30, 40 புள்ளி குறைந்தால் மொழித் தேர்வில் முயல்வது பயன் தரும். நூறு குறைந்தால் பிரெஞ்சு, மாகாண நியமனம் அல்லது ஜெர்மனியில் வேலை என்று திரும்ப வேண்டும். கணவன் மனைவி இருவரில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சம்பளம் அதிகம் வாங்குபவரைவிட இளையவருக்குப் புள்ளி அதிகம் வருவது சாதாரணம்.

35 தாண்டியவர் மாணவர் விசாவைக் கடைசியில் வைக்கலாம். படிப்பும் ஒரு வருட வேலையும் முடிந்து விண்ணப்பிக்கும்போது 39. படிப்பால் ஏறிய புள்ளியில் பெரும்பகுதியை வயது தின்றிருக்கும். பதின்பருவப் பிள்ளைகள் உள்ளவர்கள் நாட்டுக்கு முன் பிள்ளையின் வயதைப் பார்க்க வேண்டும்: டிபெண்டன்டாகச் சேர்க்க பிரிட்டன் 18, அமெரிக்கா 21, கனடா 22 என்று எல்லை வைத்திருக்கின்றன.

அடிக்கடி ஊருக்கு வந்துபோக வேண்டியவர்கள், உதாரணமாக வயதான பெற்றோர் உள்ளவர்கள், வெளியே இருக்க அனுமதிக்கும் நாள்களையும் பார்க்கட்டும். பிரிட்டனில் பி.ஆருக்கு முந்தைய எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கனடா பி.ஆர். உள்ளவர் ஐந்து ஆண்டில் 730 நாள் உள்ளே இருந்தால் போதும். குடியுரிமை வேண்டுமென்றால் 1,095 நாள்.

கன்சல்டன்ட் வைத்துக்கொள்வதானால் கனடாவில் சிஐசிசி, ஆஸ்திரேலியாவில் மாரா, பிரிட்டனில் ஐஏஏ என்ற ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்புகளின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அரசுத் தளத்தில் உங்கள் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். சமர்ப்பித்த படிவத்தின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். படிவத்தில் யாரோ சேர்த்த பொய் அனுபவத்துக்கும் விண்ணப்பதாரரே பொறுப்பு, கனடாவில் அதற்குத் தண்டனை ஐந்து வருடத் தடை.